துப்பாக்கி வாங்கலாமா? ஒரு தற்சார்பு உழவரின் வரவு செலவுக் கணக்கு

எங்கள் வட்டாரத்து இயற்கை உழவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் தோட்டத்தில் கூடுவது வழக்கம். விதை மாற்றிக்கொள்வோம், களி கிண்டிச் சாப்பிடுவோம், காட்டுப்பன்னியைத் திட்டுவோம். அந்தியூர்ப் பக்கம், பர்கூர் மலையடிவாரம். பன்னியைத் திட்டாமல் இங்கே ஒரு கூட்டமும் முடிந்ததில்லை.

போன மாதக் கூட்டத்தில், ஐ.டி. வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்திருக்கும் ஒரு இளைஞர் என்னிடம் கேட்டார்: "ஏனுங்க சார், நீங்க பேங்க்ல மேனேஜரா இருந்தவரு. துப்பாக்கி லைசென்ஸ் விவரமெல்லாம் தெரியும்னாங்க. தற்சார்பா இருக்கணும்னா வீட்ல ஒண்ணு ரெண்டு துப்பாக்கி இருக்கோணும்ல? எது எது வாங்கலாமுங்க?"

சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. நான் சிரிக்கல. இரண்டு வருசத்துக்கு முன்னாடி அதே கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கிட்டு, ஒரு நோட்டுப் போட்டுக் கணக்கெழுதினவன் நான். அந்தக் கணக்கு எங்கே ஆரம்பிச்சு எங்கே முடிஞ்சதுங்கறதைத்தான் இங்கே எழுதறேன்.

பேங்க் துப்பாக்கி கற்றுக்கொடுத்தது

துப்பாக்கியைத் தொட்டுப் பார்க்காத ஆள் இல்லை நான். தொண்ணூறுகளில் மூன்று வருசம் குடகு மாவட்டத்தில் ஒரு கிளையில் வேலை. பணப்பெட்டி இருக்கும் கிளைக்கு ஒரு காவலரும் ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கியும் உண்டு. லைசென்ஸைப் புதுப்பிக்கிறது, தோட்டாவை எண்ணிப் பதிவேட்டில் எழுதுறது, வருசத்துக்கு ஒருமுறை சுட்டுப் பார்க்க ஏற்பாடு பண்றது எல்லாம் என் தலையில்தான் விழும்.

எங்கள் காவலர் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற குடகுக்காரர். அவர்தான் எனக்கு வாத்தியார். "12 போர்னா என்னன்னு தெரியுமா சார்?"னு ஒருநாள் கேட்டார். எனக்குத் தெரியாது. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையாகப் பண்ணினால், அதில் ஒரு உருண்டை சரியாக நுழையற குழல்தான் 12 போர். எண் சின்னதானால் குழல் பெரிசு. தோட்டாவுக்குள் ஒற்றைக் குண்டு இருக்காது, ரவைகள் இருக்கும். சுட்டதும் அது விரிந்துகொண்டே போகும். முப்பது நாற்பது கெஜம் வரைக்கும்தான் அதற்கு நம்பகமான வேகம். அதைத் தாண்டினால் பிராணியைச் சாகடிக்காது, காயம் மட்டும் பண்ணும்.

ரைஃபிள் வேற ரகம். குழலுக்குள்ளே திருகு மாதிரி வரி வெட்டியிருக்கும். ஒரே குண்டு, பம்பரம் மாதிரிச் சுழன்றுகொண்டே நேராகப் போகும். குறி தப்பினாலும் போய்க்கொண்டே இருக்கும். அதுதான் அதில் இருக்கிற ஆபத்து.

குடகில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருப்பதை அங்கேதான் பார்த்தேன். குடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ள விலக்கு உண்டு. 2019-ல் மத்திய அரசு அந்த விலக்கை 2029 வரை நீட்டித்தது. செப்டம்பரில் கைல்போத் என்று ஒரு பண்டிகை. துப்பாக்கிகளைக் கழுவித் துடைத்து வரிசையாக வைத்து, குழலின் வாயில் செங்காந்தள் பூவைச் செருகிப் பூசை பண்ணுவார்கள். நம்ம கண்வலிக் கிழங்குப் பூதான். அங்கே அதற்குப் பேரே துப்பாக்கிப் பூ. மரத்து உச்சியில் தேங்காயைக் கட்டிச் சுட்டுப் பார்க்கிற போட்டியும் நடக்கும்.

இத்தனை துப்பாக்கி இருந்தும் ஹவில்தார் வீட்டில் ஒன்றுதான். ஏன் ரெண்டாவது வாங்கலைன்னு கேட்டேன். "ஒண்ணைச் சுத்தமா வச்சுக்கவே ஒரு ஆளுக்கு நேரம் பத்தாது சார்"னார். 1972-க்கு அப்புறம் வேட்டைங்கற பேச்சும் அங்கே இல்லை. துப்பாக்கி மரபாக இருக்கிறது. கோவிலில் இருக்கிற வேல் மாதிரி.

டெக்சாஸ் பண்ணையில் மூன்று துப்பாக்கி

என் மகள் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் பக்கம் இருக்கிறாள். ஓய்வு பெற்ற பிறகு அங்கே போய் நாலு மாசம் இருந்தேன். எனக்குப் பொழுது போகலைன்னு தெரிந்து, வாரச்சந்தையில் காய்கறி விற்கிற ஒரு இயற்கை விவசாயியின் பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். என் வயசுக்காரர். ஆடு, கோழி, தக்காளி, வெண்டை. நம்ம ஆள் மாதிரியே உழைப்பாளி. ரெண்டு மூணு தடவை போனதும் பழக்கமாயிட்டோம்.

அவர் வீட்டில் ஒரு இரும்புப் பெட்டகம். அதில் சரியாக மூன்று துப்பாக்கி. சிலர் முப்பது வைத்திருக்கும் ஊரில் ஏன் மூணு மட்டும்னு கேட்டேன். அவர் பதில் எனக்குப் பிடித்திருந்தது. துப்பாக்கியிலிருந்து யோசிக்கக் கூடாது, வேலையிலிருந்து யோசிக்கணும். என்னென்ன வேலை என்று முதலில் எழுது. ஒரு வேலைக்கு ஒன்று. ரெண்டு வேலையை ஒன்றே செய்யுமானால் இன்னும் நல்லது. ஒவ்வொரு புது ரகத்துக்கும் புது ரகத் தோட்டா வாங்கணும், புதுசாகப் பழகணும்.

முதலாவது, .22 ரைஃபிள். சன்னமான தோட்டா, சத்தம் குறைவு, உதை கிடையாது, தோட்டா விலையும் மலிவு. முயல், எலி மாதிரிச் சிறு பிராணிகளுக்கு. பேரப்பிள்ளைகளுக்குப் பெரியவர் பக்கத்தில் நின்று பழக்கிக் கொடுப்பதும் இதில்தான். சன்னம் என்று ஏமாறக் கூடாது. இந்தத் தோட்டா ஒரு மைலுக்கு மேல் போகும் என்று டப்பாவிலேயே எச்சரிக்கை அச்சடித்திருந்தார்கள்.

இரண்டாவது, 12 போர் ரவைத் துப்பாக்கி. செப்டம்பரில் புறா வேட்டைப் பருவம், அதற்கு. கோழிக்கூண்டுப் பக்கம் வரும் கயோட்டி என்கிற ஓநாய் இனத்துக்கும், வீட்டுக் காவலுக்கும் அதுவே. தோட்டாவை மாற்றினால் வேலை மாறும். ரவை எண் கூடக் கூட ரவை பொடிசு. ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்வேன் என்றார்.

மூன்றாவது, .308 ரைஃபிள். ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் இழுத்து ஏற்றும் வகை, மேலே தொலைநோக்கி. மானுக்கும் பன்றிக்கும். நவம்பர் தொடங்கிச் சனவரி வரை மான் பருவம். அரசிடம் வேட்டை உரிமம் வாங்கி, எத்தனை மான் என்கிற கணக்குக்குள் சுடணும். அந்தப் பக்கத்து மான் சின்னது. எலும்பு நீக்கினால் ஒன்றில் பதினைந்து இருபது கிலோ கறி தேறும். ரெண்டு மான் கிடைத்தால் அந்தக் குடும்பம் வருசம் முழுக்கக் கடையில் கறி வாங்காது. அவருக்குத் தற்சார்பு என்றால் அதில் இந்த ரைஃபிளும் சேர்த்தி. நம்ம வீட்டில் உரலும் முறமும் மாதிரி.

ஆனால் அவர் சொன்ன இன்னொரு விசயம்தான் எனக்குப் பெரிசாப் பட்டது. டெக்சாஸில் காட்டில் திரிகிற பன்றி அந்த மண்ணுக்குச் சொந்தமானதில்லை. ஐரோப்பியர் கொண்டுபோய் விட்டதன் வாரிசு. அதனால் சட்டம் அதற்கு எந்தப் பாதுகாப்பும் கொடுக்கவில்லை. 2019-லிருந்து நில உரிமையாளர் சம்மதம் இருந்தால் தனியார் நிலத்தில் உரிமமே இல்லாமல் சுடலாம். ஹெலிகாப்டரில் பறந்தபடி சுடவும் 2011-ல் சட்டம் போட்டார்கள். இத்தனைக்கும் பன்றி குறையவில்லை. எண்ணிக்கை ஏறாமல் அப்படியே நிற்கணும் என்றாலே வருசத்துக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைப் பிடித்தாகணும் என்பது அங்கே வேளாண் விரிவாக்கத் துறையினர் சொல்லும் கணக்கு. ஒன்றைச் சுட்டால் மற்றதெல்லாம் உசாராகி, ராத்திரியில் மட்டும் வர ஆரம்பிக்கும், இல்லை பக்கத்துப் பண்ணைக்குப் போய்விடும்.

அதனால் அவரே பன்றிக்கு நம்பியிருந்தது ரைஃபிளை இல்லை. வட்டமாகக் கம்பிப்பட்டி அமைத்து, வாரக்கணக்கில் உள்ளே மக்காச்சோளம் போட்டுப் பழக்கி, கூட்டத்தோட அடைக்கிற பொறியைத்தான். மூன்று துப்பாக்கி வைத்திருப்பவரின் வாயால் கேட்டது இது.

நம்ம ஊருக்கு அந்தப் பட்டியல் பொருந்துமா?

2023 மார்ச்சில் என் நிலக்கடலை முக்கால் ஏக்கர் ஒரே வாரத்தில் போச்சு. உழுது போட்ட மாதிரிக் கிளறிவிட்டிருந்தது. அதே மாசம்தான் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்துப்போய், ரெண்டு குட்டிகள் அநாதையாய் நின்ற செய்தி வந்தது. நான் அப்படிப் பண்ணமாட்டேன், முறைப்படி ஒரு துப்பாக்கி வாங்கிடலாம் என்று நினைத்தேன். நோட்டை எடுத்தேன். டெக்சாஸ்காரர் சொன்ன மாதிரி இடது பக்கம் வேலை, வலது பக்கம் சட்டம்.

முதல் வேலை, கறிக்கு வேட்டை. இது எழுதின உடனே அடிச்சாச்சு. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் ஆனாலும் மான் ஆனாலும் பன்றி ஆனாலும் வேட்டை குற்றம். ஏதாவது ஒரு காரணத்தால் அனுமதியோடு கொல்லப்பட்டாலும் அது அரசின் சொத்து. கறி நமக்கில்லை. .22-க்கும் .308-க்கும் அங்கே இருந்த வேலை இங்கே அப்படியே இல்லாமல் போய்விடுகிறது.

இரண்டாவது வேலை, பயிர்க்காவல். இதற்கு 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டமே துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறது. உண்மையான பயிர்க்காவலுக்கு என்றால் வாய்வழியே மருந்து கெட்டிக்கிற நாட்டுத்துப்பாக்கி. அது போதாது என்று லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரி ஒப்புக்கொண்டால், குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத வழவழப்புக் குழல் துப்பாக்கி. அதாவது 12 போர் மாதிரியானது. பயிர்க்காவல் என்கிற அந்த வரியில் ரைஃபிளுக்கு இடமே இல்லை. 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒருவர் மூன்றுக்குப் பதில் இரண்டுதான் வைத்துக்கொள்ளலாம். லைசென்ஸ் காலம் மூன்று வருசத்திலிருந்து ஐந்தாச்சு.

லைசென்ஸ் கையில் இருந்தால் பன்றியைச் சுடலாமா? கூடாது. இதைத்தான் நம்ம ஆட்கள் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். துப்பாக்கி வைத்திருக்க ஒரு அனுமதி, காட்டு விலங்கைச் சுட வேறொரு அனுமதி. ரெண்டாவது வன உயிரினச் சட்டத்தின் 11-வது பிரிவில் வருகிறது. தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ எழுத்தில் உத்தரவு போடணும். மேலே பாய்ந்து வரும்போது உயிரைக் காப்பாற்றிக்கொள்ள நல்லெண்ணத்தோடு கொன்றால் மட்டும் குற்றமில்லை. கேரளாவில் 2022-ல் அந்த அதிகாரத்தை ஊராட்சித் தலைவர்கள் கையில் கொடுத்து, லைசென்ஸ் உள்ளவர்களை வைத்துச் சுட வழி பண்ணினார்கள். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அரசு வேறு மாதிரி முடிவெடுத்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. ஒன்றிலிருந்து மூன்றுக்குள் பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு மேல் என்றால் வனத்துறையினரே சுடுவார்கள். விவசாயி சுடுவதற்கு எந்த வளையத்திலும் இடமில்லை.

மூன்றாவது வேலை, தனி வீட்டுக்குக் காவல். எங்கள் வீட்டுக்கு அரை மைலில் ஊர். நாய் குரைத்தால் நாலு பேர் வருவார்கள். மனுசனைச் சுடும் மனசு எனக்கு இருக்கா என்று கேட்டுப் பார்த்தேன். இல்லை. மனசில்லாதவன் கையில் இருக்கிற துப்பாக்கி திருடனுக்குத்தான் உதவும்.

இதற்கு மேல் எங்கள் பக்கம் இன்னொரு கணக்கும் சேர்ந்தது. 2024 ஜனவரியில் அந்தியூர், கோபி வட்டக் காடுகளில் சுமார் 805 சதுர கிலோமீட்டரைத் தந்தை பெரியார் வன உயிரினச் சரணாலயமாக அறிவித்தார்கள். சரணாலயத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் புது லைசென்ஸ் கொடுக்கணும் என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் ஒப்புதல் முன்னாடியே வேணும்.

ஆக, மூன்றில் மிஞ்சினது ஒன்று. ஒற்றைக்குழல் 12 போர். அதுவும் நூத்துக்குத் தொண்ணூறு தடவை சத்தம் போட்டு விரட்ட. சத்தத்துக்காக ஒரு துப்பாக்கியா? நோட்டை அந்தப் பக்கத்திலேயே திறந்து வைத்துவிட்டுக் கொஞ்ச நாள் அப்படியே விட்டுட்டேன்.

பங்குனி மாசத்து ராத்திரி

என் வரப்பை ஒட்டிய தோட்டக்காரரிடம் அப்படி ஒரு துப்பாக்கி இருந்தது. அவர் அப்பா காலத்திலிருந்து வந்தது, பயிர்க்காவல் லைசென்ஸ். ராத்திரி பத்து மணிக்கும் ரெண்டு மணிக்கும் வானத்தைப் பார்த்து ஒண்ணு போடுவார். அவ்வளவுதான் அதன் உபயோகம். அவர் சுடுகிற சத்தத்தில் எனக்கும் காவல் ஆச்சு.

2024 மார்ச் 16-ம் தேதி நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்தது. லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். அவரும் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கி வந்தார். ஜூன் வரைக்கும் திரும்பாது. அவருக்கு ரெண்டு ஏக்கர் கடலை, காய் பிடிக்கிற பருவம். சத்தம் நின்ற மூன்றாவது ராத்திரி பன்னி இறங்கியது.

அவர் என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியாது. ஒரு ராத்திரி மூணு மணி இருக்கும். என் காட்டில் சலசலப்பு கேட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தேன். எங்கள் நாய் மணி எனக்கு நாலடி முன்னால் ஓடியது. திடீர்னு ஒரு சத்தம். குரைப்பும் இல்லை, ஊளையும் இல்லை. டார்ச்சைத் திருப்பினால் வரப்பு ஓரம் விறைத்துக் கிடக்கிறது. அதன் கழுத்துக்குக் கீழே மெல்லிசாக ஒரு கட்டுக்கம்பி. முழங்கால் உயரத்தில், அவர் மோட்டார் ரூமிலிருந்து வந்த கம்பி.

நான் அசையல. எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியாது. அப்புறம் வந்த வழியே கால் வைத்த இடத்திலேயே கால் வைத்துத் திரும்பி, வீட்டுக்குப் போய் அவருக்குப் போன் பண்ணினேன். "தம்பி, மோட்டார் ரூம் ஃபியூஸைப் பிடுங்கு. இப்பவே பிடுங்கு"ன்னேன். வேற எதுவும் சொல்ல வாய் வரல.

விடியறதுக்குள்ள ஓடி வந்தார். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "சார், நாய் முன்னால போகலீன்னா..."ன்னு ஆரம்பிச்சவர் முடிக்கல. என் வீட்டம்மா அவருக்குக் காப்பி கொடுத்தாள். அன்னிக்கு அவள் ஒரு வார்த்தை கோபமாகப் பேசியிருந்தாலும் எங்கள் ரெண்டு குடும்பமும் முறிந்திருக்கும். மணியை வேப்பமரத்தடியில் ரெண்டு பேருமாகக் குழி தோண்டிப் புதைத்தோம்.

அவர் கெட்டவர் இல்லை. இதை எழுத அவரே சம்மதம் கொடுத்தார். கையில் இருந்த ஒரே காவல் போனதும், அதைவிட மோசமான ஒன்றைக் கையில் எடுத்தார். அவ்வளவுதான். நம்மில் எத்தனை பேர் அந்த இடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறோம்? மின்வேலி, சுருக்குக் கம்பி, தீனிக்குள் வெடிமருந்து வைக்கும் அவுட்டுக்காய். 2020-ல் பாலக்காட்டுப் பக்கம் வாய் சிதறித் தண்ணீருக்குள் நின்றபடியே செத்துப்போன கர்ப்பிணி யானையை மறந்திருக்க மாட்டீர்கள். இவை எல்லாமே ஆள் இல்லாத துப்பாக்கிகள். விசையை அழுத்த யாரும் அங்கே இல்லை. எதிரில் வருவது பன்னியா, பிள்ளையா, பாலூற்றப் போகும் பெண்ணா என்று பார்க்கவும் யாரும் இல்லை.

ஹவில்தார் சொன்ன முதல் பாடம் அன்றைக்குத்தான் எனக்கு முழுசாப் புரிந்தது. "எதைச் சுடறோம்னு கண்ணால பார்க்காம விசையில விரல் வைக்காதே."

இப்போது எங்கள் காவல்

நோட்டை மறுபடி எடுத்தேன். இந்த முறை ரெண்டு பேரும் சேர்ந்து எழுதினோம். தலைப்பை மட்டும் மாற்றினேன். "எந்தத் துப்பாக்கி?" என்பதை அடித்துவிட்டு, "பன்னியை வரப்புக்கு வெளியே நிறுத்த என்ன வேலை?" என்று போட்டோம். இப்போது இருப்பது இதுதான்:

ஒன்று, ரெண்டு தோட்டத்துக்கும் சேர்த்து ஒரே சூரிய மின்வேலி. வேளாண் பொறியியல் துறையில் மானியம் கேட்டுப் போட்டோம். இதுவும் ஷாக் அடிக்கும், ஆனால் கொல்லாது. ஏறக்குறைய நொடிக்கு ஒரு தடவை, கண் சிமிட்டுவதற்கும் குறைவான நேரம் மட்டும் துடிப்பாக மின்சாரம் வரும். பிடித்த பிராணி விடுவித்துக்கொண்டு ஓட இடைவெளி இருக்கும். நேரடி மின்சாரத்தில் அந்த இடைவெளி கிடையாது, தசை இறுகிக் கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். சூரிய வேலிக்கும் 2023-ல் வந்த தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி பதிவு வேணும். தரச்சான்று உள்ள கருவியைத்தான் வாங்கணும். பன்னிக்குக் கீழ்க்கம்பி தரையிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கணும். களை அதைத் தொடாமல் வாரம் ஒருமுறை வெட்டணும். இந்த வெட்டுற வேலையைச் சோம்பிவிட்டால் வேலி வெறும் கம்பிதான்.

இரண்டு, காட்டுப்பக்க ஓரத்தில் கடலையும் மரவள்ளியும் போடுவதில்லை. அந்த ஓரத்தில் எள், ஆமணக்கு. எங்கள் அனுபவத்தில் அவற்றைப் பன்னி சீண்டவில்லை. கடலை வீட்டை ஒட்டி வந்துவிட்டது.

மூன்று, அறுவடை முடிந்ததும் மிஞ்சின காயையும் கிழங்கையும் காட்டில் விடுவதில்லை. ஆட்டை விட்டு மேய்த்துவிடுகிறோம். ஒருதடவை ருசி கண்ட கூட்டம் தேதி வைத்துத் திரும்ப வரும்.

நான்கு, காய் பிடிக்கும் நாற்பது நாளும் முறைக்காவல். ஆறு குடும்பம். ஒரு குடும்பத்துக்கு ஆறு நாளைக்கு ஒரு ராத்திரி. பரண், நல்ல டார்ச், தகர டப்பா. ரெண்டு நாய்கள். அவற்றில் ஒன்று மணியின் குட்டி.

இதிலும் நஷ்டம் இல்லாமல் இல்லை. போன பட்டத்தில் மழைக்கு வேலி சாய்ந்த ரெண்டு ராத்திரியில் நாலு மூட்டைக் கடலை போச்சு. முன்பெல்லாம் பாதிக் காடு போகும். டெக்சாஸில் அது வந்தேறி. இங்கே காட்டுப்பன்னி இந்த மலைக்கு நமக்கு முன்னால் வந்தது, சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் இரை. அதை ஒழிக்கிற கணக்கு இங்கே நேராகாது.

ஏற்கெனவே துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு

பக்கத்துத் தோட்டக்காரரின் ஒற்றைக்குழல் தேர்தல் முடிந்து திரும்பி வந்துவிட்டது. அதை விற்றுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மலையோரம் ஒத்தை வீடாக இருப்பவர்கள், அப்பா காலத்து லைசென்ஸ் உள்ளவர்கள் நம் இயக்கத்திலும் உண்டு. அவர்களுக்கு ஹவில்தார் எனக்குச் சொன்னதைச் சொல்கிறேன்.

காலியாக இருக்கு என்று தெரிந்தாலும், தோட்டா ஏறியிருப்பதாகவே நினைத்துக் கையாளுங்கள். வீட்டுக்குள் நுழையும் முன் தோட்டாவை எடுத்துவிடுங்கள். துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில், சாவி பிள்ளைகளுக்குத் தெரியாத இடத்தில். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை குழலுக்கு எண்ணெய்த் துணி போடுங்கள். பழைய தோட்டா ஈரம் இழுத்திருந்தால் ஏற்றிப் பார்க்காதீர்கள். குடித்திருக்கும்போது தொடாதீர்கள். குண்டு எங்கே போய் நிற்கும் என்று தெரியாத திசையில் சுடாதீர்கள். டெக்சாஸ்காரர்கூட உயரமான பரணில் உட்கார்ந்து, குறி தப்பினால் குண்டு மண்ணுக்குள் போகிற மாதிரி கீழ்நோக்கித்தான் சுடுவார். புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் எழுதி மாட்டுங்கள். காலாவதியான லைசென்ஸோடு இருக்கிற துப்பாக்கி, சட்டத்தின் பார்வையில் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிதான்.

இயற்கை உழவர் என்பதால் இன்னொன்று. ரவை ஈயம். ஈயம் நஞ்சு. அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையை 1991-லேயே நாடு முழுக்கத் தடை பண்ணிவிட்டார்கள். பூச்சிக்கொல்லி வேண்டாம் என்கிற நாம் அதே மண்ணில் ஈயத்தைத் தெளிக்க வேண்டாமே.

கூட்டத்தில் கேட்ட அந்த இளைஞருக்கு நான் சொன்ன பதில் சுருக்கமானது. "தம்பி, முதல்ல வேலையை எழுதுங்க. அதுக்கு நேரா சட்டத்தை எழுதுங்க. அப்புறமும் துப்பாக்கி மிஞ்சுச்சுன்னா, ஒண்ணு போதும். அது கையில இல்லாத ராத்திரிக்கு என்ன காவல்ங்கறதையும் அன்னிக்கே எழுதி வச்சுக்கோங்க." தற்சார்பு என்று நான் பேசுவது ஆறு வீடு முறை போட்டுக் கண் முழிக்கிறதைத்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இதைப் படிக்கிற யாராவது ஒருவர் மோட்டார் ரூமிலிருந்து வரப்புக்கு ஒரு கம்பி இழுத்து வைத்திருக்கலாம். அவரிடம் நான் கோபமாகப் பேசப் போவதில்லை. இதழை மூடி வைத்துவிட்டுப் போய் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, கம்பியைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். இன்றைக்கு ராத்திரிக்கு முன்னால்.